ஜோராசாங்கோ வீட்டு மாட்டுப்பெண்

நம் சங்கத்தின் கிளைகளில் நடக்கும் விசேஷங்களுக்குக் கல்யாணமான பெண்மணிகள் மடிசாரில்தான் வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரப்போவதாகச் சென்ற இதழில் படித்தேன். அதையொட்டி வந்த கடிதங்களையும் விடாமல் படித்தேன். மாமிகள் மடிசார், சின்னவர்கள் ஆறு கஜம், கன்னிப்பெண்கள் பாவாடை தாவணி, சல்வார் கமீஸுக்கு மட்டும் இடமில்லை என்று ஒருவர் அட்டவணையே போட்டிருந்தார். நானும் நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒரு பெண்மணியின் கதையாக நீண்டுவிட்டது. ஆசிரியரும் வாசக அன்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

முதலில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள் நான். அன்று முதல் லேக் மார்க்கெட் பக்கத்தில்தான் ஜாகை. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு ராதா கல்யாணம் நடந்தது. என் மாட்டுப்பெண் ஆபீஸிலிருந்து நேராக வந்தாள். சல்வார் கமீஸ், தோளில் லாப்டாப் பை, கையில் சாத்துக்குடி ஒரு டஜன். வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரும்படி அவளிடம் எல்லோர் காதிலும் விழும்படியாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. பழத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவள் வருவதில்லை. என்னோடு ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இதைக் கீழ் ஃப்ளாட்டில் இருக்கும் பெங்காலி அம்மாளிடம் ஒருநாள் சொல்லிப் புலம்பினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் கட்டியிருக்கும் இந்தப் புடவைக் கட்டு யாரிடம் கற்றது என்று கேட்டார். நான் அன்று ஆறு கஜம்தான் கட்டியிருந்தேன். வேறு யாரிடம், என் அம்மாவிடம்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னார். அடுத்த நாள் ஒரு பழைய பெங்காலி புஸ்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக நானும் எழுத்துக்கூட்டிப் படித்த பெங்காலி, முப்பது வருஷம் கழித்து உபயோகப்பட்டது.

அந்தப் பெயர் ஞானதாநந்தினி தேவி. மகரிஷி தேவேந்திரநாத் தாகூரின் இரண்டாவது மாட்டுப்பெண். ரவீந்திரநாத்துக்கு மன்னி. வங்காளத்தில் இந்தப் பெயர் தெரியாத படித்த குடும்பம் கிடையாது. நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது என்றாலும், நம் பெண்மணிகளில் பெரும்பாலோர் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று செய்கிற காரியத்தில் இவருக்கு ஒரு பங்கு இருக்கிறது.

1850 ஜூலை 26-ல், இன்று பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸோர் ஜில்லாவில், நரேந்திரபூர் என்ற கிராமத்தில் பிறந்தார். தாகூர் குடும்பத்தார் பிராமணர்களே ஆனாலும் 'பிராலி' என்று ஒதுக்கப்பட்ட பிரிவினர். எந்தக் காலத்திலோ முன்னோர்களுக்கு முகம்மதிய அதிகாரி ஒருவருடன் ஏற்பட்ட சம்பந்தத்தால் ஆசாரம் கெட்டுவிட்டது என்று மற்ற பிராமணர்கள் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு பணம் வந்தும் அந்த விலக்கு போகவில்லை. ஞானதாநந்தினியின் தகப்பனார் அபய்சரண் முகோபாத்யாயரும் பிராலி வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதால் தன் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டவர்தான். இதெல்லாம் நமக்குப் புரியாத விஷயமல்ல. நம் பாட்டி தாத்தா காலத்தில் கடல் கடந்தவர்களுக்கு நாம் செய்ததும் இதுதான்.

1857-ல் கல்யாணம். பெண்ணுக்கு ஏழு வயது, பிள்ளை சத்யேந்திரநாத்துக்குப் பதினைந்து. பால்பல் விழுகிற வயதில், கல்கத்தாவின் வடக்கே ஜோராசாங்கோவில் இருக்கும் அந்த மாபெரும் வீட்டின் அந்தப்புரத்துக்குள் போனாள். அந்தப்புரம் என்றால் பெயருக்கு அல்ல. அந்த வீட்டுப் பெண்கள் கங்கா ஸ்நானம் செய்ய ஆசைப்பட்டால், மூடிய பல்லக்கில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோய், பல்லக்கோடு சேர்த்துத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்களாம். இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் வங்காளத்து நல்ல குடும்பத்துப் பெண்கள் உடுத்தியது ஒரே ஒரு புடவை. ரவிக்கை கிடையாது, உள்பாவாடை கிடையாது. பனிக்காலத்தில் மேலே ஒரு சால்வை. அதிலும் பணக்கார வீடுகளில் அந்தப் புடவை மெல்லிய மஸ்லினாகவே இருக்கும். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து வீட்டுக்குள்ளேயே முடிகிறவர்களுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த உடையோடு தெருவுக்கு வர முடியாது. தெருவுக்கு வராததால் வேறு உடை தேவைப்படவும் இல்லை. என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். கும்பகோணத்தில் ரவிக்கையில்லாமல் நார்மடிப் புடவையைச் சுற்றிக்கொண்டு இருந்தவள். அந்நிய ஆண்கள் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ரேழியைத் தாண்ட மாட்டாள். தைத்த துணி மடிக்கு ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சத்யேந்திரநாத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த அந்தப்புரம் பிடிக்கவில்லை. மனோமோகன் கோஷ் என்று அவருக்கு ஓர் ஆப்த நண்பர், பிற்காலத்தில் பெரிய பாரிஸ்டராக விளங்கியவர். தன் மனைவியை அவர் பார்க்க வேண்டும் என்று சத்யேந்திரநாத்துக்கு ஆசை. பகலில் அது நடக்காது. ஒருநாள் ராத்திரி இரண்டு பேரும் ஒரே தாளத்தில் அடி எடுத்து வைத்து, ஓர் ஆள் நடக்கிற சப்தம்போல் கேட்கும்படியாக உள்ளே வந்தார்கள். நண்பரைக் கொசுவலைக்குள் மனைவியோடு விட்டுவிட்டு இவரும் படுத்துக்கொண்டார். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூலையில், வந்தவர் வெட்கத்தில் இன்னொரு மூலையில். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வந்தபடியே தாளம் தப்பாமல் நண்பரை வெளியே கொண்டுபோய் விட்டார். வயதான காலத்தில் ஞானதாநந்தினி இதைத் தன் பெண் இந்திராவிடம் சொல்லி, அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1862-ல் அந்த இரண்டு நண்பர்களும் ஐ.சி.எஸ். பரீட்சைக்காக இங்கிலாந்து போனார்கள். சத்யேந்திரநாத் 1863-ல் தேறினார், ஐ.சி.எஸ்.ஸில் சேர்ந்த முதல் இந்தியர் அவர்தான். மனைவியையும் அங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமென்று அப்பாவுக்கு எழுதிப் பார்த்தார். மகரிஷி சம்மதிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. மைத்துனர் ஹேமேந்திரநாத் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்தினார். தலையில் முக்காட்டோடு உட்கார்ந்து, அவர் அதட்டும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டு படித்தாள். பிறகு அயோத்யாநாத் பாக்ராஷி என்ற பிரம்ம சமாஜ ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுத்தார். வெளி ஆண் ஒருவர் அந்த அந்தப்புரத்துக்குள் கால் வைத்ததே அந்தப் பாடத்துக்காகத்தான்.

1864-ல் சத்யேந்திரநாத் திரும்பினார். பம்பாய் மாகாணத்தில் உத்தியோகம். மனைவியையும் கூட்டிப் போவதாக அறிவித்துவிட்டார். இப்போதுதான் யாரும் யோசிக்காத ஒரு கஷ்டம் வந்தது. பதினாலு வயதுப் பெண் கப்பலில் போக வேண்டும், நாலு பேர் நடுவில் நடக்க வேண்டும். எதைக் கட்டிக்கொண்டு போவது?

ஒரு பிரெஞ்சு தையல் கடையில் சொல்லி, 'கீழ்த்திசை உடை' என்ற பெயரில் ஒன்றைத் தைக்கச் செய்தார்கள். என்ன நாட்டு உடை என்று யாருக்கும் தெரியாது, தைத்தவருக்கே தெரிந்திருக்காது. அதைத் தனியாகப் போட்டுக்கொள்ள அவளால் முடியவில்லை. புருஷன்தான் உதவ வேண்டியிருந்தது. உடை ஒருவழியாகத் தயாரானதும் அடுத்த தகராறு. வீட்டிலிருந்து வண்டிவரை அவள் நடந்து வர வேண்டும் என்றார் சத்யேந்திரநாத். குலத்து மாட்டுப்பெண் காவலாட்கள் எதிரே நடந்து போவதா என்று மகரிஷி மறுத்துவிட்டார். கடைசியில் பல்லக்கில் ஏற்றித்தான் கப்பலடிக்குக் கொண்டுபோனார்கள்.

பம்பாயில் சில மாதங்கள் மானேக்ஜி குர்செட்ஜி என்ற பார்ஸி கனவானின் வீட்டில் தங்கினார்கள். பெண் கல்விக்காகப் பாடுபட்டவர் அவர். 1863-ல் அலெக்ஸாண்ட்ரா பெண்கள் பள்ளியை ஆரம்பித்தவர். அவருடைய பெண்கள் இங்கிலீஷ் படித்தவர்கள், வந்தவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுவார்கள், வெளியே போவார்கள். அவர்கள் கட்டியிருந்ததும் புடவைதான்! ஆனால் உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை, அதற்குமேல் சீராகச் சுற்றிய புடவை. ஜோராசாங்கோவிலிருந்து வந்த பெண்ணுக்கு அதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பிரெஞ்சு தையல்காரர் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை இங்கே ஒரு வீட்டின் கூடத்தில் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பார்ஸிகள் தலைப்பை வலது தோள்மேல் கொண்டுவருவார்கள். இவள் அதை இடது தோளுக்கு மாற்றினாள். வலது கை வேலைக்கு ஒழிவாக இருக்கட்டும் என்பதற்காக என்று சொல்கிறார்கள். பார்ஸிகளிடமிருந்து பாவாடையும் ரவிக்கையும் வந்தன, புடவை வங்காளத்துப் புடவையாகவே நின்றது. ஓர் இடைச்செருகல்: தலைப்பு எந்தத் தோளில் என்ற விவகாரம் நமக்கும் புதிதல்ல. அய்யர் கட்டில் வலது தோள், அய்யங்கார் கட்டில் இடது தோள் என்று எங்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே சம்பந்திகளுக்குள் ஒரு மணி நேரம் விவாதம் நடந்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ஐ.சி.எஸ். அதிகாரியின் மனைவி அவள். துரைசானிகளைப் போல் கவுன் போட்டுக்கொண்டிருந்தால் வெள்ளைக்காரர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். கிறிஸ்தவ மதத்துக்குப் போன சில வங்காளிக் குடும்பங்களில் அப்படிப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். கவுன் போட்டால் அந்நியம், பழைய ஒற்றைப் புடவையென்றால் சிறை. இரண்டுக்கும் நடுவே கௌரவமாக நடந்து போக ஒரு வழியை, பதினைந்து பதினாறு வயதில், எந்தத் தலைவரும் சொல்லாமல், ஒரு மேடையிலும் பேசாமல் அந்தப் பெண் கண்டுபிடித்தாள்.

1866-ல் இருவரும் கல்கத்தா திரும்பினார்கள். இந்தத் தடவை பல்லக்கு இல்லை. வீட்டு வாசலில் வண்டியிலிருந்து எல்லோரும் பார்க்க இறங்கினாள். அன்று அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி அழுகை என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் பலர் அவளோடு சேர்ந்து உட்காரவும் சாப்பிடவும் தயங்கினார்கள். ஒரே கூரையின் கீழ் அந்தப் பெண் தனித்துவிட்டாள்.

அதே வருஷம் கவர்னர் ஜெனரல் மாளிகையில் ஒரு விருந்து. அப்போது வைஸ்ராய் லாரன்ஸ் பிரபு. ஞானதாநந்தினி அதற்குப் போனார். நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கு நடுவில் ஒரே ஓர் இந்தியப் பெண். போபால் பேகமாக இருக்குமோ என்று பலர் நினைத்தார்களாம்; வெளியே தலைகாட்டும் இந்தியப் பெண்மணி அவர் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் எண்ணம். தாகூர் குலத்தின் இன்னொரு கிளையான பாதுரியாகாட்டாவைச் சேர்ந்த பிரசன்ன குமார் தாகூரும் அந்த விருந்துக்கு வந்திருந்தார். பெரிய வக்கீல், பெரும் தனவந்தர், கல்விக்கு வாரி வழங்கியவர். தன் குடும்பத்துப் பெண் ஒருத்தி அங்கே நிற்பதைப் பார்த்ததும் அவமானம் தாங்காமல் மாளிகையைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அவள் என்ன உடுத்தியிருந்தாள்? தலைமுதல் கால்வரை மூடிய புடவை, முழு ரவிக்கை. ஜோராசாங்கோ அந்தப்புரத்தில் எந்தப் பெண்ணும் அவ்வளவு மூடிக்கொண்டு இருந்ததில்லை. அவருக்குக் கோபம் புடவைமேல் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைய வங்காளி கனவான்கள் இந்த மாதிரி இடங்களுக்கு வருவது சப்கன், சோகா, ஷாம்லா தலைப்பாகை என்று. அத்தனையும் மொகலாய தர்பாரிலிருந்து வந்த வேஷம். நவாபு ராஜ்யத்தில் உத்தியோகத்துக்காகப் போட்டுக்கொண்டது, வெள்ளைக்கார ராஜ்யத்தில் கௌரவமாகிவிட்டது. அதனால் குலம் கெட்டது என்று ஒரு வங்காளியும் அழவில்லை.

இங்கே நம் கதைக்கும் ஒரு நிமிஷம் வரவேண்டியிருக்கிறது. என் மாமனாரின் அப்பா குடுமியோடும் பஞ்சகச்சத்தோடும் கச்சேரிக்குப் போனவர். மேலே கோட்டு, தலையில் தலைப்பாகை. என் மாமனார் கிராப் வைத்துக்கொண்டார், ஆபீஸுக்குப் பேண்ட் போட்டார், வீட்டில் வேஷ்டி. என் கணவர் அமாவாசை தர்ப்பணத்துக்கு மட்டும் வேஷ்டி. என் பிள்ளைக்குப் பஞ்சகச்சம் கட்ட அவன் கல்யாணத்தில் வாத்தியார் உதவினார், அதோடு சரி. மூன்று தலைமுறையில் ஆண்பிள்ளைகள் தலையிலிருந்து கால்வரை மாறிவிட்டார்கள். மாறாவிட்டால் உத்தியோகம் இல்லை, உத்தியோகம் இல்லாவிட்டால் நாம் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறியிருக்கவே மாட்டோம். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் சங்கத்தில் குடுமிக்காக ஒரு தீர்மானம் வந்து நான் பார்த்ததில்லை. ராதா கல்யாணத்தன்று வாசலில் நின்ற அந்தப் பெரியவர் சஃபாரி சூட்டில் இருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஞானதாநந்தினிக்குத் திரும்புவோம். அழுகையும் ஒதுக்கலும் நடந்துகொண்டே இருக்க, அவர் ஒரு காரியம் செய்தார். 'பாமாபோதினி பத்ரிகா' என்று பெண்களுக்காக 1863-லிருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தன்னைப் போல் புடவை கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தானே சொல்லிக் கொடுப்பதாக அதில் விளம்பரம் செய்தார். முதலில் வந்தவர்களில் ஐ.சி.எஸ். அதிகாரி பிஹாரிலால் குப்தாவின் மனைவி சௌதாமினி ஒருவர். பிறகு பிரம்ம சமாஜக் குடும்பங்களிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பம்பாயிலிருந்து வந்ததால் முதலில் 'பம்பாய்க் கட்டு' என்றார்கள். பிறகு தாகூர் வீட்டுக் கட்டு என்று பெயர். சமாஜப் பெண்கள் எல்லோரும் கட்ட ஆரம்பித்ததும் 'பிரம்மிகா புடவை' ஆயிற்று. கேலி செய்ய ஏற்பட்ட பெயரா, மரியாதைப் பெயரா என்றால் ஆளைப் பொறுத்தது.

இன்று நாம் கட்டும் ஆறு கஜக் கட்டு முழுவதும் இவர் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இணையத்தில் அப்படி நிறைய எழுதுகிறார்கள். முன்னால் கொசுவம் வைத்துத் தலைப்பை இடது தோளில் போடும் வழக்கம் ஆந்திர தேசத்திலும் தக்கணத்திலும் வெகுகாலமாக உண்டு. இவர் கட்டையும் பின்னால் வந்த பெண்கள் மாற்றினார்கள். கேசவ சந்திர சேனின் பெண், கூச் பிஹார் மகாராணி சுநீதி தேவி தோளில் ஊசி குத்தி அதை நிறுத்தினார். ஆனாலும் உள்பாவாடை, ரவிக்கை, அதன்மேல் புடவை என்ற சேர்க்கையை, வீட்டுக்கு வெளியே போகிற கௌரவமான குடும்பப் பெண்ணின் உடையாக வட இந்தியாவில் முதலில் நிலைநாட்டியவர்களில் இவருக்கு முக்கியமான இடம் உண்டு. அப்புறம் பள்ளிக்கூடம் போன பெண்களும், ஆசிரியைகளும், டாக்டர்களும், காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன பெண்களும் அந்தச் சேர்க்கையில்தான் போனார்கள். நம் வீடுகளிலும் காலேஜுக்கும் ஆபீஸுக்கும் போன முதல் தலைமுறைப் பெண்கள் ஒன்பது கஜத்தை விட்டு இதற்குத்தான் வந்தார்கள். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமல்ல என்று என் அத்தை சொல்வாள். அட்டவணை போட்ட அன்பர் தாராளமாக அனுமதித்திருக்கும் ஆறு கஜத்தின் பூர்வோத்தரம் இது.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சத்யேந்திரநாத்துக்கு அகமதாபாத், கார்வார், ஷோலாப்பூர், சதாரா என்று பல ஊர்களில் உத்தியோகம். இவரும் கூடவே குடித்தனம் நடத்தினார். 1872-ல் சுரேந்திரநாத், 1873-ல் இந்திரா, பிறகு இன்னொரு பிள்ளை. 1877-ல் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, கணவர் கூட இல்லாமல், கர்ப்பிணியாகக் கப்பலேறி இங்கிலாந்து போனார். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டிவரை நடக்க விடமாட்டேன் என்றார்களே, அந்தப் பெண்தான்.

லண்டனில் அவர்களை வரவேற்றுத் தங்க வைத்தவர் யார் தெரியுமா? ஞானேந்திரமோகன் தாகூர். விருந்திலிருந்து வெளியேறிய பிரசன்ன குமாரின் ஒரே பிள்ளை! கிறிஸ்தவனானதற்காக அப்பா சொத்தில்லாமல் தள்ளிவிட்டார். இங்கிலாந்து போய், பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானவர். ஒருவரைப் பார்க்கச் சகிக்காமல் தகப்பன் எழுந்து போனார், அதே ஒருவருக்குப் பிள்ளை கதவைத் திறந்துவிட்டார். கதையில் எழுதினால் ரொம்பவும் பொருத்திவைத்தது என்பார்கள்.

அந்த இங்கிலாந்து வாசம் சந்தோஷமாக மட்டும் இருக்கவில்லை. கடைசிப் பிள்ளை அங்கேயே இறந்துபோனான். பிறகு பிரைட்டன் பக்கத்தில் கடலோரத்தில் இருந்தபோது, 1878-ல் கணவர் வந்து சேர்ந்தார். கூட வந்தவர் பதினேழு வயது ரவீந்திரநாத். 1880-ல் எல்லோரும் திரும்பினார்கள்.

இந்தியா வந்ததும் ஜோராசாங்கோ கூட்டுக் குடும்பத்தில் இருக்காமல் தனி ஜாகை வைத்துக்கொண்டார். அதற்கும் பேச்சு. குழந்தைகளின் பிறந்த நாளைக் கொண்டாடுவது அந்தக் குடும்பத்தில் இவர் கொண்டுவந்த வழக்கம். 1885-ல் 'பாலக்' என்ற குழந்தைகள் பத்திரிகையை நடத்தினார். ஒரு வருஷம்தான் வந்தது, ஆனால் ரவீந்திரநாத்தை அதில் நிறைய எழுத வைத்துவிட்டார். 1889-ல் ரவீந்திரநாத்தின் 'ராஜா ஓ ராணி' நாடகத்தை வீட்டில் போட்டபோது ராணியாக நடித்தார். ராஜாவாக நடித்தவர் ரவீந்திரநாத். மன்னியும் மைத்துனரும் தம்பதியாக நடிப்பதா என்று ஒரு பத்திரிகை கிழித்துப் போட்டது.

இவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. 1883-ல் ரவீந்திரநாத்துக்குப் பெண் தேடி ஜெஸ்ஸோர் பக்கம் போன கோஷ்டியில் இவரும் இருந்தார். பார்த்து நிச்சயித்தது பத்து வயதை ஒட்டிய ஒரு சிறுமியை. பிறகு அந்தக் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, லோரெட்டோ கான்வென்ட்டுக்கு அனுப்பி, தாகூர் வீட்டு நாகரிகத்துக்கு ஏற்றபடி பழக்கினார். ஏழு வயதில் தனக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேரும்போது இவருக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நாம் வாயில்லாப்பூச்சியாக இருந்தபோது பட்டதை மாமியாராகும்போது மறந்துவிடுகிறோம். நான் பூத்தொடுத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் தன் பெண் விஷயத்தில் அவர் மறக்கவில்லை. இந்திரா 1892-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பி.ஏ. தேறினார். கல்யாணம் 1899-ல்தான், இருபத்தைந்து வயதில், தானே விரும்பிய பிரமத சௌதுரியோடு.

சத்யேந்திரநாத் 1923-ல் காலமானார். ரவீந்திரநாத் 1941 ஆகஸ்ட் 7-ல். தான் கைப்பிடித்துக் கடலோரம் நடத்திச் சென்ற மைத்துனருக்கு அப்புறம் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 1-ல் ஞானதாநந்தினியும் போய்விட்டார். வயது தொண்ணூற்றொன்று.

புஸ்தகத்தை முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காளிகாட்டில் மெட்ரோ ஏறி கிரீஷ் பார்க்கில் இறங்கி ஜோராசாங்கோ வீட்டைப் பார்க்கப் போனேன். இப்போது அது மியூசியம். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ரவீந்திரநாத் பிறந்த அறை, உயிர் விட்ட அறை என்று வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறேன். இந்தத் தடவை நான் பார்த்தது உள்முற்றத்தையும் வாசலையும்தான். அந்தப்புரத்துப் படியிலிருந்து வாசல்வரை நடந்து பார்த்தேன். முழங்கால் வலியோடு நடக்கிற எனக்கே இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அவள் அந்தத் தூரத்தை நடக்க இரண்டு வருஷமும் ஒரு புடவைக் கட்டும் தேவைப்பட்டிருக்கின்றன.

மடிசார் அழகு என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. சிரார்த்தத்துக்கும் சுமங்கலிப் பிரார்த்தனைக்கும் நான் கட்டுகிறேன், இனியும் கட்டுவேன். என்னிடம் அரக்கில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று என இரண்டு பட்டு ஒன்பது கஜம் இருக்கிறது. அதைக் கட்டத் தெரியாத பெண்கள் என்னிடம் வந்தால் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பேன்; ஞானதாநந்தினியும் விளம்பரம்தான் கொடுத்தார், வராதவர்களை வாசலில் நிறுத்தவில்லை.

இதை எழுதி முடித்ததும் என் மாட்டுப்பெண்ணிடம் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் புனேயில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ராதா கல்யாணம் வருகிற பகுதியைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சாத்துக்குடி என்னவாயிற்று என்று கேட்டாள். அன்றைக்கே நைவேத்தியம் ஆயிற்று என்றேன்.

தீர்மானம் எங்கள் கிளைக்கு அடுத்த மாதம் வருகிறது. நான் கையைத் தூக்கப் போவதில்லை.